பருந்துக் குஞ்சும் பஞ்சசீலமும்

உயிர்க்கொலை தவிர்த்தல் பஞ்சசீலத்தின் முதற்படி. திரிசரணம் ஓதித் தம்ம வழியில் அடியெடுத்து வைத்த நம்மவர் ஒவ்வொருவரும் வாயாற் சொல்லி நெஞ்சால் ஏற்றுக்கொண்ட விரதம் இது. புறாவினிடத்தும் மானினிடத்தும் இவ்விரதத்தைக் காத்தல் எளிது. அவை எவர்க்கும் தீங்கு செய்யா, பார்வைக்கும் இனியவை. ஆனால் பிறவுயிரைத் தின்றே உயிர்வாழும் ஒன்று, தாயை இழந்து நம் காலடியில் வந்து விழுமாயின், சீலம் நம்மை என்ன செய்யச் சொல்லுகிறது? ஊன் கொடுத்தால் கொலைக்கு உடந்தை ஆவோமோ என்னும் அச்சம் ஒருபுறம். கொடாவிடின் கண்ணெதிரே ஓர் இளங்குஞ்சு பட்டினியால் மடியும் என்னும் துயரம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே பௌத்த உபாசகன் நிற்கவேண்டிய இடம் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இரு பருந்தும் இரு பெயரும்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் அன்பர்களுக்கு இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. சங்குமுகம் கடற்கரையிலும், வலியதுறையிலும், விழிஞ்ஞம் மீன்பிடி துறைமுகத்திலும் அண்ணாந்து பார்ப்பவர்க்குப் பருந்து தென்படாத நாள் அரிது. கடலை ஒட்டிய விமான நிலையத்தின் அருகே இறைச்சிக் கழிவு கொட்டப்படுவதும், அதனை நாடிப் பருந்துகள் திரள்வதும், அவை விமானத்தில் மோதுவதும் அந்நகரத்தார் பலமுறை கேட்ட செய்தி. உயர்ந்த தென்னையிலும் மாவிலும் ஆலிலும் கூடு கட்டிப் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில் இவை குஞ்சு பொரிக்கின்றன. வீடு கட்டுவதற்கென மரத்தை வெட்டும்போதும், பெருங்காற்று அடிக்கும்போதும் கூடு சரிகிறது. வெண்மயிர் மூடிய குஞ்சு தரையில் விழுகிறது.

அங்கே காணப்படும் பருந்துகளுள் இரண்டு எல்லாரும் அறிந்தவை. தலையும் மார்பும் வெண்மையாய், முதுகும் சிறகும் செம்மண் நிறமாய் இருப்பது ஒன்று. இதனைச் செம்பருந்து என்றும் கிருஷ்ணப்பருந்து என்றும் அழைப்பர். கருடன் எனக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோர் பலர். உடல் முழுதும் மங்கிய பழுப்பு நிறமாய், வால் நுனி கவைபட்டிருப்பது மற்றொன்று. இது கரும்பருந்து. இதனைக் கோழிக்குஞ்சுத் திருடி எனக் கல்லெறிந்து துரத்துவர். ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற பழைய பறவை நூல்கள் முன்னதற்குப் ‘பிராமினி கைட்’ என்றும், பின்னதற்குப் ‘பறையா கைட்’ என்றும் பெயரிட்டன. 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளை ஆராய்ந்த சலீம் அலியின் காலத்தும் இப்பெயர்களே வழங்கின. பின்னதன் பெயர் இப்போது ‘பிளாக் கைட்’ என மாறிவிட்டது. முன்னதன் பெயர் மாறாமல் நிற்கிறது.

மண்ணில் சேரி வகுத்தவர்கள் வானத்திலும் சேரி வகுத்தார்கள் என்பதைக் கண்டு நம்மவர் சிரிப்பதா, வெகுள்வதா எனத் திகைப்பர். விழிஞ்ஞத்தில் செம்படவர் எறியும் மீன்குடலின்மேல் இவ்விரண்டு பருந்தும் ஒருங்கே பாய்கின்றன. ஒன்றின் வாயிற் சென்ற குடல் புனிதமும், மற்றொன்றின் வாயிற் சென்ற குடல் தீட்டும் ஆவது எங்ஙனம்?

வாசெட்ட சூத்திரத்தில் பகவன் புத்தர் இதனையே வேறொரு முகத்தால் விளக்கினார். புல், பூச்சி, மீன், பாம்பு, பறவை ஆகியவற்றுள் பிறவியாலேயே வேறுபட்ட அடையாளங்கள் உண்டு என்றும், மனிதருள் அத்தகைய வேறுபாடு இல்லை என்றும், மனிதன் தன் செயலால் மட்டுமே இன்னான் என அறியப்படுவான் என்றும் அவர் எடுத்துரைத்தார். பருந்தின் வளைந்த அலகும் கூரிய உகிரும் ஊன் உணவும் அதன் பிறவியின் அடையாளம். அதிற் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. மனிதனிடத்து இல்லாத பிறவி வேற்றுமையை மனிதன்மேல் ஏற்றியது ஒரு பிழை. அம்மனிதச் சாதியைப் பறவையின்மேல் ஏற்றியது அதனினும் பெரிய பிழை. ஆகவே வீழ்ந்து கிடக்கும் குஞ்சு செம்பருந்தா கரும்பருந்தா என்று பார்த்து நம் கை நீளுமாயின், நாம் உதறிவந்த வருணத்தை மறுபடியும் தோளில் சுமந்தவர் ஆவோம்.

ஊன் என்னும் தடை

இனி உணவுக்கு வருவோம். இரக்கமுள்ள ஒருவர் பருந்துக் குஞ்சை எடுத்துச் சென்று பாலில் நனைத்த ரொட்டியும், குழைந்த சோறும் ஊட்டுகிறார் என்று கொள்வோம். அவர் நெஞ்சில் கொலை எண்ணம் சிறிதும் இல்லை. ஆயினும் குஞ்சு சில நாளில் இறந்துபடும். பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை. சோற்றைக்கொண்டு உடலை வளர்க்கும் அமைப்புப் பருந்துக்கு இல்லை. தம் கை ஊனில் படாமல் காத்துக்கொண்டார், குஞ்சைக் காக்கவில்லை.

இவ்விடர் கற்பனையன்று. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சைனக் கோயிலைச் சார்ந்த பறவை மருத்துவமனை ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான புறாக்களையும் கிளிகளையும் பேணிய பெருமை அதற்கு உண்டு. கொல்லாமையில் சைனர் கொண்டுள்ள உறுதியை எவரும் எளிதாக எண்ணலாகாது. ஆனால் ஊன் உண்ணும் பறவைகளை அங்கே உள்ளே சேர்த்து வைத்துப் பேணுவதில்லை. வெளியிலேயே மருந்திட்டு அனுப்புவது அவ்விடத்தின் நெடுநாள் வழக்கம். அந்நகரத்திலேயே நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்னும் முஸ்லிம் உடன்பிறந்தார் இருவர், பட்டத்துக்குக் கட்டும் மாஞ்சா நூலால் சிறகு அறுந்து விழும் கரும்பருந்துகளைத் தம் வீட்டிலேயே வைத்து மருத்துவம் செய்யத் தொடங்கினர். இளமையில் அடிபட்ட பருந்து ஒன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, அது ஊனுண்ணி என்பதால் ஏற்கப்படாமல் திரும்பியதே அவர்கள் பணிக்கு வித்து. 2010-இல் அதனை ஒரு நிறுவனமாக்கினர். பல்லாயிரம் பறவைகள் அவர்கள் கையால் பிழைத்தன. 2022-இல் வெளிவந்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் அப்பணியை உலகறியச் செய்தது. இறைச்சியை அரைத்துப் பறவைகளுக்கு ஊட்டுவது அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை.

நம் மக்களுக்கு இங்கே ஓர் உண்மை விளங்காமற் போகாது. உண்ட உணவைக் காட்டி ஒரு கூட்டத்தாரைத் தீண்டாதார் என்று ஒதுக்கிய நாடு இது. பாபாசாகேப் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட தீண்டப்படாதாரைப் பற்றிய நூலில், பௌத்தர்மேல் கொண்ட வெறுப்பும் மாட்டிறைச்சி உண்டாரை இழித்தமையுமே தீண்டாமையின் வேர் என்று வாதித்தார். பசித்த வயிற்றைப் பாராமல் தட்டில் உள்ளதைப் பார்த்து ஒரு பிறவியை வாயிலில் நிறுத்துவது எத்தகைய கொடுமை என்பதை நாம் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டியதில்லை. தில்லி மருத்துவமனையாரின் எண்ணம் இழிவானதன்று. கொல்லாமையே அவர் கருத்து. ஆயினும் தூய்மையைக் காப்பதையே அறத்தின் முடிவாகக் கொண்டால், அறம் எவ்விடத்தில் போய் நின்றுவிடும் என்பதற்கு அவ்வாயில் சான்று.

சீலம் சொல்லும் அளவு

அவ்வாறாயின் எவ்வழியிலேனும் ஊன் தேடிக் கொடுக்கலாமோ எனின், அன்று. தம்மம் இதற்கும் அளவு வகுத்துள்ளது.

வினை என்பது எண்ணமே என்பது பகவன் போதனையின் நடுத்தூண். கண்ணியில் சிக்கிய பன்றியை இரக்கத்தால் அவிழ்த்துவிட்ட பிக்கு ஒருவரின் வழக்கு விநயத்தில் வருகிறது. பிறர் உடைமையைக் கவர்ந்த குற்றம் அவருக்கு உண்டோ என்ற ஐயம் எழுந்தபோது, கருணையால் செய்தாருக்குக் குற்றமில்லை என்றே முடிவு கூறப்பட்டது. ஜீவக சூத்திரம், பிக்குகள் ஏற்கத்தகாத ஊன் எது என்பதை மூன்று அளவைகளால் வரையறுக்கிறது: தமக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டது, கேட்டது, அவ்வாறு ஐயுற்றது. மேலும், உபாசகன் செய்யத்தகாத ஐந்து வாணிகங்களுள் உயிர் விற்றலும் ஊன் விற்றலும் அடங்கும்.

இவற்றை வைத்துப் பார்த்தால் நம் வழி ஒருவாறு தெளிவாகிறது. குஞ்சுக்காக ஓர் உயிரை நாமே கொல்லுதலும், பிறனை ஏவிக் கொல்வித்தலும், ‘இதற்கு உயிருள்ள எலி வேண்டும்’ என்று பிடித்து வந்து கூட்டில் விடுதலும் சீலத்துக்கு மாறு. துறைமுகத்தில் கழிக்கப்படும் மீனின் தலையும் குடலும், இறைச்சிக் கடையில் எஞ்சும் ஈரலும் எலும்பும் நம்மால் நேர்ந்த கொலையின் விளைவு அல்ல. பருந்து தானே தேடி உண்பதும் பெரும்பாலும் இவற்றையே. பருந்தைப் பொறுத்தமட்டில் நம் இடர் பாதி குறைகிறது. வல்லூறு, கூகை போன்ற வேட்டைப் பறவைகளுக்கு உணவு தேடுவது இவ்வளவு எளிதன்று. அப்போது அப்பணியில் பழகினாரிடம் குஞ்சைச் சேர்ப்பித்தலே நாம் செய்யத்தக்கது.

இங்கு ஒருவர் வினவலாம்: ‘இன்று ஒரு குஞ்சைக் காத்தால், நாளை அது நூறு உயிரைக் கொல்லும். காத்தவனுக்கு அப்பழியில் பங்கு இல்லையோ?’ தீயவனாய் வளரக்கூடும் என்று எண்ணி மனிதக் குழந்தையை ஆற்றில் விடுவாரை நாம் ஒப்புவோமா? வினை செய்தாரைச் சாரும் என்பது தம்மம். பருந்துக்கோ நன்று தீதென்று ஆராயும் அறிவும் இல்லை, பசி உண்டு. அதன் பசிக்கு நீதிபதியாக நம்மை எவரும் அமர்த்தவில்லை.

ஆயினும், வினாவின் முள் முழுவதும் எடுபட்டதென்று நான் சொல்லத் துணியேன். கழிவாய்க் கிடந்த மீனும் முன்னர் ஓர் உயிரே. அதனை அரிந்து ஊட்டும் கை இதனை மறத்தல் ஆகாது. வாழ்வு வாழ்வைத் தின்று நிற்கிறது என்பது துக்க சத்தியத்தின் ஒரு முகம். அதனைக் காணாமல் கண்ணை மூடுவோன் சீலவான் ஆகான். கண்டும் கை நடுங்காமல் ஊட்டுவோனே கருணையாளன்.

புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைத் தமிழ் மக்கள் சோழரின் முன்னோனாகப் போற்றி வந்தனர். பாலி சாதகத்தில் சிவி வேந்தன் கண்ணைக் கொடுக்கிறான். வடநாட்டுப் பௌத்த மரபில் புறாவின் கதை போதிசத்துவனுடையதாகவே வழங்குகிறது. அஜந்தாவின் முதற் குகையிலும் அது தீட்டப்பட்டுள்ளது. அக்கதையில் எல்லாரும் புறாவையே நோக்குகின்றனர். பருந்தை நோக்குவார் சிலரே. ‘என் இரையைப் பறித்தாய், என் பசிக்கு என்ன வழி?’ என்று பருந்து முறையிடுகிறது. சிபி அதனைக் கோல்கொண்டு ஓட்டவில்லை. பழம் தின்னச் சொல்லவுமில்லை. அதன் பசியும் நியாயமே என்று ஒப்புக்கொண்டு, விலையைத் தன் உடம்பினின்றே கொடுத்தான். கருணையின் செலவைப் பிறவுயிரின் தலையில் சுமத்தாமல் தானே ஏற்பதுதான் அக்கதையின் உயிர்நிலை. நம்மிடம் தசை கேட்பார் இல்லை. உறக்கமும், பொழுதும், பொருளும், கையில் ஒட்டும் புலால் நாற்றமும் மட்டுமே நம்மிடம் கேட்கப்படும் விலை.

அறியாமையால் விளையும் கேடு

கருணைக்குக் கண் வேண்டும். பிரஞ்ஞை இல்லாத கருணை கொல்லவும் வல்லது. தரையில் காணும் குஞ்சு யாவும் அனாதை அல்ல. பறக்கப் பழகும் பருவத்துக் குஞ்சுக்குத் தாய் மேலே வட்டமிட்டு உணவு கொணரும். அதனை எடுத்துச் செல்வது உதவியன்று, பிள்ளை பிடித்தல். கூட்டினின்று தவறி விழுந்ததாயின், கூடு எட்டுமானால் அதிலேயே வைக்கலாம். எட்டாவிடின் ஒரு கூடையை அம்மரத்திலேயே கட்டி அதில் வைக்கலாம். மனிதன் தொட்டதைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் வதந்தி. தாய் இறந்ததோ, குஞ்சு காயப்பட்டதோ உறுதியானால் மட்டுமே நாம் ஏற்கவேண்டும்.

ஏற்றபின் முதலில் வேண்டுவது வெதுவெதுப்பு. குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு உணவு ஊட்டினால் அது செரியாது. வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி உயிர் போகும். வேண்டும் நீரை அது பெரும்பாலும் உணவிலிருந்தே பெறுகிறது. எலும்பில்லாத தசையையே ஊட்டி வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து கால் வளைந்து எலும்பு முறியும். மெல்லெலும்போடு சேர்ந்த உணவே வேண்டும். உப்பும் மசாலாவும் பட்டது ஆகாது.

எண்ணம் தூயதாயின் போதும் என்று இருப்பார்க்கு நம் நாட்டுப் பாறுக் கழுகுகளின் கதை பாடமாகுக. 1990-களில் அவை கூட்டங்கூட்டமாய் மடிந்தன. வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கும் மேல் அழிந்தன. மாட்டின் வலி தீர்க்க ஊசியிட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் மாட்டு மருத்துவத்தில் அதனை அரசு தடை செய்தது. மாட்டுக்கு இரங்கியவர் எவரும் கழுகைக் கொல்ல எண்ணியவர் அல்லர். அவருக்குப் பழி இல்லாதிருக்கலாம். ஆயினும் வானம் வெறுமையாயிற்று.

விடுதலை

இனி எல்லாவற்றினும் அரிய கட்டம். ஏழெட்டு வாரம் ஊட்டி வளர்த்த குஞ்சு நம் காலடி ஓசைக்கு வாய் திறக்கிறது. தோளில் ஏறி அமர்கிறது. ‘என் பிள்ளை’ என்று நெஞ்சு சொல்லுகிறது. அச்சொல்லிலே ஆபத்து இருக்கிறது. கண் விழித்த இளம்பருவத்தில் யாரைக் காண்கிறதோ அவரையே தன் இனம் என்று பதித்துக்கொள்ளும் இயல்பு பறவைக்கு உண்டு. வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு இதனை விளக்கிய கொன்ராட் லோரென்சு 1973-இல் நோபல் பரிசு பெற்றார். மனிதனைத் தாயென்று பதித்துக்கொண்ட பருந்து தன் இனத்தோடு கூடாது, மனிதனுக்கு அஞ்சாது, கல்லெறிவான் கையிலும் சென்று அமரும். அதற்கு வாழ்நாள் முழுதும் கம்பிக்கூடே கதி.

காஞ்சியிலும் தங்கியிருந்த ஆசாரிய புத்தகோசர், தம் விசுத்திமார்க்கத்தில் மைத்திரிக்கு இரண்டு பகைகளைக் காட்டுகிறார். வெறுப்பு அதன் தூரத்துப் பகை. அதனை எவரும் கண்டுகொள்வர். பற்று அதன் அண்மைப் பகை. மைத்திரியைப் போலவே உடையுடுத்தி அருகே நிற்பதால் அதனைக் கண்டுகொள்வது கடினம். ஊனுக்கு அஞ்சிக் குஞ்சைக் கைவிடுவோனும், அன்பு மிகுந்து அதனைக் கைவிடாதோனும் எதிரெதிர் போலத் தோன்றுவர். ஆராயின் இருவரும் ஒருவரே. முன்னவன் தன் தூய்மையைக் காத்தான். பின்னவன் தன் இன்பத்தைக் காத்தான். இருவர் நெஞ்சிலும் குஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் ‘நான்’ அமர்ந்திருக்கிறது. குஞ்சின் நலத்தை அதன் இயல்பைக்கொண்டு அளப்பதே கருணை. நம் இயல்பைக்கொண்டு அளப்பது அன்று.

ஆகவேதான் இத்துறையில் தேர்ந்தவர்கள் முகத்தை மறைத்து ஊட்டுகின்றனர். 1983-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகர் விலங்குச்சாலையில், அழியும் நிலையிலிருந்த கலிபோர்னியாக் கழுகின் குஞ்சுக்குத் தாய்க்கழுகின் தலைபோலச் செய்த கைப்பாவையால் உணவூட்டினர். குஞ்சு தன்னைக் காத்தவரை அறியவே இல்லை. தானம் பெற்றவன் ஈந்தவனை அறியாதிருத்தலே உயர்ந்த தானம் என்போர் இதனைச் சிந்திப்பாராக.

பறவையைப் பழக்கிவிடும் முறையும் அத்தகையதே. உயர்ந்த மேடையில் பெட்டிக்கூடு ஒன்றை அமைத்து, சிறகு முற்றுமுன் குஞ்சுகளை அதில் விட்டு, ஆள் முகம் தெரியாமல் உணவை மட்டும் வைத்து வருவர். சிறகு முற்றியபின் கதவு திறக்கப்படும். பறவை பறந்து சுற்றும், பசித்தால் மீளும். இரை பிடிக்க அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உயிருள்ள எலியைக் கூட்டில் விடவும் வேண்டியதில்லை. இயல்பே ஆசான். நாள் செல்லச் செல்ல அதன் வரவு குறையும், ஒருநாள் வாராது. நம் தமிழ் மக்கள் பலர் குடியேறி வாழும் மொரீசியசுத் தீவில், 1974-இல் நான்கே நான்கு எஞ்சியதாக அறியப்பட்ட சிறு வல்லூறு இனம், குஞ்சுகளை வளர்த்து இவ்வாறு விடுவித்ததாலேயே நூற்றுக்கணக்காய்ப் பெருகியது.

சித்தார்த்தர் இளமையில், தேவதத்தன் எய்த அன்னத்தைக் காத்த கதையை நம் சிறுவரும் அறிவர். உயிர் அதனைக் காத்தவனுக்கே உரியது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்போடு நாம் நின்றுவிடுகிறோம். உரிமை பெற்றவர் அன்னத்தைக் கூட்டில் வைத்தாரில்லை. புண் ஆறியதும் பறக்கவிட்டார். அவர் பெற்ற உரிமை, விடுவிக்கும் உரிமை.

நாம் செய்யத்தக்கன

திருவனந்தபுரத்து அன்பர்களுக்கும் ஏனைய ஊர்களில் உள்ளாருக்கும் சில கூறி முடிப்போம். பருந்தும் வல்லூறும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. இசைவின்றி அவற்றை வீட்டில் வளர்த்தல் குற்றம். ஆதலால் காயப்பட்ட குஞ்சையோ அனாதைக் குஞ்சையோ கண்டால், காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டிலும் வெதுவெதுப்பிலும் வைத்து, வனத்துறைக்கு உடனே சொல்லியனுப்புக. அம்மாவட்டத்தில் பருத்திப்பள்ளி வனச்சரகத்தின் விரைவு மீட்புக் குழுவினர் இத்தகைய பணிக்கென்றே உள்ளனர். மரம் வெட்டுமுன் கூடு உண்டோ என அண்ணாந்து பார்க்க. உண்டாயின் குஞ்சு பறக்கும் வரையில் கோடரியை நிறுத்துக. ஒரு குஞ்சை அனாதை ஆக்காதிருத்தல், பத்து அனாதைகளை வளர்ப்பதினும் மேல்.

மணிமேகலைக் காப்பியத்தில், தாயால் கைவிடப்பட்ட ஆபுத்திரனுக்கு வழிச்சென்ற பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து உயிர் காத்தது. ‘இது என் இனமன்று, இதன் உணவு வேறு’ என்று அப்பசு விலகிச் சென்றிருந்தால், அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்த்த கை உலகுக்குக் கிடைத்திராது. வேற்றினக் குழவிக்கு அவ்விலங்கு காட்டிய இரக்கம், தமிழ்ப் பௌத்தராகிய நம்மேல் ஒரு கடனாக நிற்கிறது. இவ்வாண்டும் டிசம்பர் வரும். தென்னை உச்சியில் கூடுகள் ஏறும். காற்றில் சில சரியும். அக்கடனைத் தீர்க்கும் வாய்ப்பு எவர் வாயிலில் வந்து விழுகிறதோ, அவர் அதன் நிறத்தையும் உணவையும் கேளாமல் எடுத்துக் காத்து, உரிய நாளில் வானத்துக்குத் திருப்பித் தருவாராக.